வளரும் பிள்ளைக்கு இடுப்பு மூட்டு நழுவினால்: மலைப்பகுதிப் பெற்றோருக்கு ஒரு முழுமையான அறுவை சிகிச்சை வழிகாட்டி

பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை சில வாரமாக "முட்டி வலிக்குது" என்று சொல்லிக்கொண்டு லேசாக நொண்டினால், முழங்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நீலகிரியில் பிசியோதெரபி பார்க்கிறவன் நான். எங்களிடம் வரும்போதே பல பிள்ளைகள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, ஒரு பட்டை வலி மாத்திரையையும் முடித்திருக்கிறார்கள். கோளாறு முழங்காலில் இல்லை, ஒரு சாண் மேலே இருக்கிறது.

இதன் மருத்துவப் பெயர் ஸ்லிப்டு கேப்பிட்டல் ஃபெமோரல் எபிஃபிசிஸ். டாக்டர்கள் எஸ்.சி.எஃப்.இ. என்று சுருக்கிச் சொல்வார்கள். சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும். இதற்கு மாத்திரை கிடையாது, கட்டுப் போட்டாலும் சரியாகாது. அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. நேரத்தோடு கண்டுபிடித்தால் அது மிகச் சிறிய ஆபரேஷன். தாமதமானால் அதே நோய்க்கு மிகப் பெரிய ஆபரேஷன் தேவைப்படும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் சில வாரங்கள்தான்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது

தொடை எலும்பின் மேல்முனையில் உருண்டையான தலை இருக்கிறது. அது இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். தலைக்கும் அதன் கீழிருக்கும் கழுத்துக்கும் நடுவில் குருத்தெலும்பாலான மெல்லிய வளர்ச்சித் தட்டு ஒன்று உண்டு. பிள்ளை விறுவிறுவென்று உயரும் வயதில் இந்தத் தட்டு பலவீனப்படுகிறது. அதன்மேல் உடல் எடை சாய்வாக அழுத்தும்போது, மழையில் ஊறிய மேட்டு மண் அடிப்பாறையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதுபோல மூட்டு இடம் மாறுகிறது. தலை குழிக்குள்ளேயே நிற்கும். கழுத்துதான் முன்னாலும் வெளிப்பக்கமாகவும் நகரும். படத்தில் பார்த்தால் தலை பின்னாலும் கீழேயும் வழுக்கிவிட்டதாகத் தெரியும்.

உடல் பருமன்தான் முதல் காரணம். ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு ஓரிரு வருடம் முன்னதாகவே வரும். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் கோளாறு, நாள்பட்ட சிறுநீரக நோய், வைட்டமின் டி குறைவு ஆகியவையும் காரணமாகலாம். அதனால் "எங்க பையன் ஒல்லிதானே" என்று விட்டுவிட முடியாது. பத்து வயதுக்குக் கீழே வந்தாலும், பதினாறைத் தாண்டி வந்தாலும், குள்ளமான அல்லது மெலிந்த பிள்ளைக்கு வந்தாலும் ஹார்மோன் பக்கம் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முழங்கால் வலிப்பதற்குக் காரணம் நரம்பு. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலின் உட்பக்கத்துக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. மேலே அடிபட்டால் கீழே வலி தெரியும்.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. சமதளத்தில் ஒரு பிள்ளை நொண்டினால் தெருவே பார்க்கும். இங்கே பள்ளிக்கூடம் ஒரு மேட்டில், வீடு ஒரு பள்ளத்தில். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் போகும் படிக்கட்டில் யாருடைய நடையும் நேராக இருக்காது. அதனால் நொண்டல் கண்ணில் படுவதற்கே நாளாகிவிடுகிறது.

படி 1: வீட்டில் கவனியுங்கள், சோதித்துப் பார்க்காதீர்கள்

பிள்ளையை வீட்டுக்குள் சமமான தரையில் ஐந்தாறு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு பாதம் மற்றதைவிட அதிகமாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? அந்தக் காலில் நிற்கும் நேரம் குறைகிறதா? படுத்திருக்கும்போது ஒரு கால் தானாக வெளியே சாய்ந்து விழுகிறதா? படுத்தபடி முழங்காலை மெதுவாக நெஞ்சை நோக்கி மடக்கும்போது, தொடை நேராக வராமல் வெளிப்பக்கமாக விலகிப் போனால் அது மிக முக்கியமான அறிகுறி. பிள்ளை தானாக மடக்கும் அளவு போதும். நீங்கள் பிடித்து அழுத்தவோ திருப்பவோ கூடாது.

இதோடு காய்ச்சலும் இருந்து, காலை அசைக்கவே விடாமல் பிள்ளை கத்தினால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அதுவும் அவசரம்தான், ஆனால் வேறு அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கத்தில் பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் அரிவாள் செல் ரத்த நோய் இருப்பது தெரிந்த விஷயம். அந்த நோயிலும் இதே வயதில் இடுப்பு மூட்டு வலிக்கும், தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் குறையும். ஆகவே அங்கிருந்து வரும் பிள்ளைக்கு எக்ஸ்ரேயோடு அந்த ரத்தப் பரிசோதனையும் சேர வேண்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் இந்த நோயைப் பல வருடமாகப் பார்த்து வருகிறார்கள். அந்த நோய்க்கான அட்டை ஏற்கெனவே வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

படி 2: நடையை நிறுத்துங்கள்

சந்தேகம் வந்த அந்த நிமிடத்திலிருந்து பிள்ளை அந்தக் காலை ஊன்றக் கூடாது. பள்ளிக்கூடம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மட்டும் நடந்துடு" என்பதும் வேண்டாம். மெதுவாக நழுவிக்கொண்டிருக்கும் தட்டு ஒரு சறுக்கலில், ஒரு படி தவறியதில், முழுவதுமாக விட்டுவிடலாம். இந்தச் சரிவுகளில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சுளுக்கு எடுக்கிறவரிடம் கொண்டுபோகாதீர்கள். ஊரில் அவர்மேல் மரியாதை இருக்கலாம், தசைப்பிடிப்புக்கு அவர் கை நல்ல கையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மூட்டை இழுத்து, திருப்பி நீவினால் சின்ன ஆபரேஷனில் முடிய வேண்டியது பெரிய ஆபத்தாகிவிடும். எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுக்கும் இதே விதிதான். ஆபரேஷனில் ஸ்க்ரூ போட்டு நழுவலை நிறுத்தும்வரை எந்தப் பயிற்சியும் கிடையாது.

படி 3: சரியான எக்ஸ்ரே

கேட்க வேண்டியது இதுதான்: இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் தெரியும்படி நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று. நடக்க முடிகிற பிள்ளைக்குப் பக்கவாட்டுப் படத்தைத் தவளைபோல் காலை மடக்கி விரித்து எடுப்பார்கள். ரேடியோகிராஃபரிடம் "ஃப்ராக் லெக்" என்று சொன்னால் புரியும். காலை ஊன்றவே முடியாத பிள்ளைக்கு அப்படி விரிக்கக் கூடாது. படுத்த நிலையிலேயே குறுக்காக எடுக்க வேண்டும்.

நேர்ப்படத்தை மட்டும் நம்பாதீர்கள். தலை முதலில் பின்பக்கமாகத்தான் வழுக்குகிறது என்பதால் ஆரம்ப நிலையில் நேர்ப்படம் கிட்டத்தட்ட சரியாகவே தெரியும், பக்கவாட்டில்தான் குட்டு உடையும். நேர்ப்படத்தில் டாக்டர் ஒரு கோடு போட்டுப் பார்ப்பார். கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டி நீட்டிய கோடு தலையின் ஓரத்தைக் கொஞ்சமாவது வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெட்டாமல் மேலே போனாலோ, மறுபக்கத்தைவிடக் குறைவாக வெட்டினாலோ சந்தேகம் உறுதியாகிறது. பக்கவாட்டில் நழுவிய கோணத்தை அளப்பார்கள். 30 டிகிரிக்குக் கீழே லேசானது, 30 முதல் 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பது உண்டு. தட்டு நழுவுவதற்கு முன்பே அதில் வீக்கம் தெரிந்துவிடும்.

படி 4: "நிற்க முடிகிறதா?" என்ற ஒரே கேள்வி

கோணத்தைவிட முக்கியமான கேள்வி இது. 1993இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ராண்டல் லோடரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நோயை இரண்டாகப் பிரித்தார்கள். ஊன்றுகோல் பிடித்தாவது நடக்க முடிந்தால் நிலையானது. ஊன்றுகோல் கொடுத்தும் காலை ஊன்றவே முடியாவிட்டால் நிலையற்றது. அவர்கள் பார்த்த நிலையற்ற மூட்டுகளில் 47 சதவீதத்தில் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போனது. நிலையானவற்றில் ஒன்றில்கூட அப்படி ஆகவில்லை. பிற்பாடு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நிலையற்றதில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்தக் கதி வருகிறது. குறைந்திருக்கிறது, ஆனாலும் சின்ன எண் இல்லை.

நிலையானது என்றால் ஓரிரு நாளுக்குள் படுக்கையில் சேர்த்து ஆபரேஷன். நிலையற்றது என்றால் அன்றே, பொதுவாக 24 மணி நேரத்துக்குள். இன்று நிலையானதாக இருப்பது நாளைக் காலை நிலையற்றதாக மாறலாம் என்பதால்தான் முன்னதற்கும் "அடுத்த வாரம் வாங்க" என்ற பேச்சு கூடாது.

படி 5: எங்கே போவது, எப்படி இறங்குவது

உதகையில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. எலும்புப் பிரிவும் எக்ஸ்ரேயும் அங்கேயே கிடைப்பதால் நீலகிரிக்காரர்கள் முதலில் அங்கே போவதுதான் சரி. நிலையான, லேசான நழுவலுக்கு ஸ்க்ரூ போடுவது பயிற்சி பெற்ற எந்த எலும்பு அறுவை மருத்துவரும் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவி உள்ள தியேட்டரில் செய்யக்கூடியதுதான். நிலையற்றதோ மிகக் கடுமையானதோ என்றால் குழந்தைகள் எலும்பு சிகிச்சையில் கைதேர்ந்தவர் வேண்டும். அதற்குக் கோயம்புத்தூர்தான் பக்கம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது, பெரிய தனியார் எலும்பு மருத்துவமனைகளும் இருக்கின்றன. கொடைக்கானல், பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர் பக்கத்தவர்கள் வத்தலக்குண்டு இறங்கி, அங்கிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ, திண்டுக்கல் அல்லது தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ போகலாம். மேலிருக்கும் டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்பே கீழே போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். இரவில் போய் இறங்கி, மறுபடி வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவதுதான் இதில் மோசமான வீண் நேரம்.

பயணத்தில் நிலையற்ற மூட்டு உள்ள பிள்ளையைக் காரின் பின்சீட்டில் உட்கார வைக்காதீர்கள். 108க்குச் சொல்லி ஸ்ட்ரெச்சரில் படுக்க வையுங்கள். கால் எந்த நிலையில் சுகமாக இருக்கிறதோ, பெரும்பாலும் சற்று மடங்கி வெளியே சாய்ந்திருக்கும், அப்படியே தலையணையால் அண்டை கொடுங்கள். நேராக்க முயல வேண்டாம். வளைவுகளில் உடல் உருளாமல் இருபக்கமும் போர்வையைச் சுருட்டி வைக்கலாம்.

சாப்பாட்டு விஷயம் இங்கே கொஞ்சம் சிக்கலானது. போய் இறங்கியதும் தியேட்டருக்கு எடுக்க வாய்ப்பு உண்டு. மயக்க மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது, தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை போகலாம். பர்லியாறில் வண்டி நின்றால் பிள்ளை பசிக்கிறது என்று கேட்கத்தான் செய்யும். டீயும் பன்னும் வாங்கித் தந்துவிட்டால் ஆபரேஷன் ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது என்று ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் அதையும் மேலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு வந்து வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடுவது வழக்கம். கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் ரேஷன் கார்டு, ஆதார், இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, எக்ஸ்ரே ஃபிலிம்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் சேர வருமானச் சான்று வேண்டும். பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், காப்பீட்டு கவுன்டருக்கு இன்னொருவர் போகட்டும்.

படி 6: ஆபரேஷனுக்கு முன்

வழக்கமான ரத்தப் பரிசோதனையோடு தைராய்டு, கிரியாட்டினின், கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தைராய்டு குறைவு தெரியாமல் போனால் மறு இடுப்பும் நழுவும் வாய்ப்பு அதிகம். அரிவாள் செல் இருந்தால் மயக்க மருந்து டாக்டருக்குக் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். குளிர், உடலில் நீர் குறைவது, ஆக்சிஜன் குறைவது எதுவும் அந்தப் பிள்ளைக்கு ஆகாது.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- இது நிலையானதா, நிலையற்றதா? கோணம் எத்தனை டிகிரி?
- இருக்கும் இடத்திலேயே ஸ்க்ரூ போடுகிறீர்களா, எலும்பைத் திருப்பி வைக்கப் போகிறீர்களா?
- மறு இடுப்புக்கும் இப்போதே போடலாமா?
- எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது?

டாக்டர் அவசரத்தில் இருப்பார். பரவாயில்லை, கேளுங்கள். இந்த நான்குக்கும் பதில் சொல்ல இரண்டு நிமிடம்தான் ஆகும்.

படி 7: தியேட்டருக்குள், நிலையான நழுவலுக்கு

பெற்றோருக்கு இந்தப் பகுதி தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முழு மயக்கமோ, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதோ, இரண்டில் ஒன்று கொடுப்பார்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, எக்ஸ்ரே ஊடுருவும் மேசையில் காலை மெதுவாகச் சரிசெய்வார்கள். நழுவிய தலையை இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முயல மாட்டார்கள். பலருக்கு இது புரிவதில்லை. "நழுவினதை நேராக்காம அப்படியேவா ஆணி அடிச்சாங்க?" என்று கேட்டு வருத்தப்படுகிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். வாரக்கணக்கில் நழுவிய மூட்டில் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் புதிய நிலைக்குப் பழகியிருக்கும். இழுத்தால் அவை கிழியலாம். இந்த ஆபரேஷனின் வேலை மேற்கொண்டு நழுவாமல் நிறுத்துவதும், வளர்ச்சித் தட்டை எலும்போடு எலும்பாக ஒட்டவைப்பதும்தான்.

சி-ஆர்ம் கருவியை வைத்து நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்து, தோலின்மேல் இரண்டு கோடு வரைவார்கள். அவை சந்திக்கும் இடத்தை ஒட்டித் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் ஒன்று இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு சின்னக் கீறல். அதன் வழியாக மெல்லிய வழிகாட்டிக் கம்பி எலும்புக் கழுத்தின் முன்பக்கத்தில் நுழையும். தலை பின்னால் போயிருப்பதால் அதன் நடுவைப் பிடிக்க முன்னாலிருந்துதான் போக வேண்டும். நழுவல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு முன்னால் நுழைய வேண்டும். கம்பி வளர்ச்சித் தட்டை செங்குத்தாகக் கடந்து, இரண்டு படத்திலும் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். தலையின் மேல்புறப் பின்பகுதியில் முக்கியமான ரத்தக் குழாய்கள் இருப்பதால் அந்தப் பக்கம் போகவே கூடாது.

கம்பி சரியான இடத்தில் நின்ற பிறகு, நீளம் அளந்து, அதன்மேலேயே துளையிட்டு, நடுவில் குழல் உள்ள ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றுவார்கள். 6.5 அல்லது 7.3 மில்லிமீட்டர் தடிமன், ஸ்டீல் அல்லது டைட்டானியம். நிலையான நழுவலுக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ போதும். தட்டைத் தாண்டித் தலைக்குள் குறைந்தது ஐந்து மரையாவது பிடித்திருக்க வேண்டும் என்று பல அறுவை மருத்துவர்கள் பார்ப்பார்கள். நுனி மூட்டுப் பரப்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டராவது உள்ளே நிற்க வேண்டும். தலை உருண்டை என்பதால் இரண்டு படத்தில் உள்ளே இருப்பதாகத் தெரியும் நுனி உண்மையில் வெளியே துருத்திக்கொண்டிருக்கலாம். அதனால் கடைசியில் காலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே சி-ஆர்மில் பார்ப்பார்கள். நல்ல அறுவை மருத்துவரின் பொறுமை தெரிவது இந்த இடத்தில்தான். துருத்திய ஸ்க்ரூ மூட்டுக் குருத்தெலும்பை அரித்து, இடுப்பையே விறைக்கச் செய்துவிடும்.

ஓரிரு தையல். எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரத்தம் ஏற்றும் தேவை வருவது அபூர்வம்.

"கால் வளர்ச்சி நின்னுடுமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு காலின் மொத்த வளர்ச்சியில் இந்தத் தட்டின் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம்தான். பெரும்பகுதி வளர்ச்சி முழங்காலைச் சுற்றி நடக்கிறது. பதின்மூன்று வயதில் தட்டு மூடினால் குறையும் உயரம் வழக்கமாகச் செருப்பு அடியில் சரிக்கட்டும் அளவுதான். இன்னொரு கேள்வி, ஊட்டிக் குளிரில் இரும்பு உள்ளே சில்லிடுமா என்பது. எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் இடுப்புக்குள் 37 டிகிரிதான்.

நிலையற்றதற்கும் கடுமையானதற்கும்

இங்கே மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஒரு வழி, மேசையில் படுக்க வைக்கும்போது கால் தானாக எவ்வளவு திரும்புகிறதோ அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு, மூட்டுப் பையைச் சற்றுத் திறந்து உள்ளே தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தை வெளியேற்றி, ஒன்று அல்லது இரண்டு ஸ்க்ரூ போடுவது. இன்னொரு வழி, டன் என்ற மருத்துவரின் பெயரில் வழங்கும் முறையை மாற்றியமைத்துச் செய்வது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் கான்ஸ் 2001இல் விவரித்த, ரத்தக் குழாய்களைக் காப்பாற்றியபடி மூட்டைத் திறக்கும் உத்தியைக் கொண்டு செய்வது. இடுப்பு மூட்டை முழுவதும் திறந்து, ரத்தக் குழாய்கள் உள்ள திசுவைப் பத்திரமாகப் பிரித்து, தலையைச் சரியான இடத்தில் உட்கார வைத்துப் பொருத்துவார்கள். படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் இதை அடிக்கடி செய்யும் கை வேண்டும். எப்போதாவது செய்கிற இடத்தில் இதற்கு ஒப்புக்கொள்ளத் தயங்குவது தவறில்லை என்பது என் கருத்து. "இந்த ஆபரேஷனை நீங்க எத்தனை செஞ்சிருக்கீங்க டாக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

எந்த வழியானாலும் ரத்த ஓட்டம் நிற்கும் ஆபத்து முழுதாக நீங்காது. அந்தச் சேதம் பெரும்பாலும் நழுவிய கணத்திலேயே நடந்திருக்கும்.

படி 8: மறு இடுப்பு

ஒரு பக்கம் நழுவிய பிள்ளைகளில் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு மறுபக்கமும் நழுவுகிறது, அதுவும் பெரும்பாலும் ஒன்றரை வருடத்துக்குள். நல்லாயிருக்கிற இடுப்பில் எதற்கு ஆணி என்று தோன்றுவது இயல்பு. மறுபக்கம் வலிக்காத பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லாத ஆபரேஷன்தான். ஆனாலும் ஹார்மோன் அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால், பிள்ளை மிகவும் சின்ன வயது என்றால், இடுப்புக் குழியின் நடுவிலிருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு இன்னும் திறந்தே இருந்தால், பல மருத்துவர்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடச் சொல்வார்கள்.

இன்னொரு காரணமும் கணக்கில் வரும்: தொடர்ந்து பரிசோதனைக்கு வர முடியாத தூரம். கோயம்புத்தூர் நகரத்துப் பிள்ளை வலித்த மறுநாளே வந்துவிடும். பந்தலூரில் ஒரு எஸ்டேட்டிலோ, மன்னவனூரிலோ இருக்கும் பிள்ளைக்கு ஒரு பரிசோதனை என்றால் பெற்றோருக்கு ஒருநாள் கூலி போகும், பஸ் மாற வேண்டும், மழையில் சாலை மூடும். "வலிச்சா உடனே கூட்டிட்டு வாங்க" என்பது அவர்களுக்கு வெறும் பேச்சு. ஆகவே உங்கள் வீடு எங்கே, பஸ் எத்தனை, செல்போன் சிக்னல் உண்டா என்பதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இதெல்லாம் மருத்துவத் தகவல்தான்.

படி 9: வீடு திரும்பிய பின்

ஒன்றிரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள். நிலையான நழுவலுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஊன்றுகோலோடு, பாதத்தைத் தொட்டும் தொடாமலும் அல்லது பாதி எடை கொடுத்து நடக்க வேண்டும். நிலையற்றதற்கு இன்னும் நீளும். ஊன்றுகோல் பழக்கம் ஆஸ்பத்திரி வராண்டாவின் டைல்ஸ் தரையில் முடிந்துவிடக் கூடாது. டிஸ்சார்ஜுக்கு முன் மாடிப்படியில் ஏறி இறங்கப் பழக்கிவிடச் சொல்லுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஆபரேஷன் காலும் ஊன்றுகோலும். இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் காலும் முதலில், நல்ல கால் பின்னால். சரிவில் நேராக இறங்காமல் சற்றுக் குறுக்காக, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பின்னால் ஒருவர் நிற்காமல் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும்.

ஊன்றுகோலின் அடி ரப்பர் இங்கே சீக்கிரம் தேய்ந்துவிடும். மருந்துக்கடையில் தனியாகக் கிடைக்கும், இரண்டு ஜோடி வாங்கி வையுங்கள். வாசல்படியில் பாசி பிடித்திருந்தால் பிள்ளை வருவதற்கு முன் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். மூடுபனி நேரத்தில், மழை பெய்து முடிந்த உடனே, வெளியே விட வேண்டாம். இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஆன பிள்ளைக்குச் சில வாரம் சக்கர நாற்காலி சொல்வார்கள். லயன் வீட்டில் அது கதவுக்குள்ளேயே நுழையாது. முன்னறையில் உயரமான கட்டில், பக்கத்தில் கமோடு நாற்காலி, தூக்கிவிட ஒருவர் என்று ஏற்பாடு செய்வதுதான் நடைமுறை. ஒரு பக்கம் மட்டும் ஆனவர்களுக்கும் குத்தவைக்கும் கழிப்பறை ஆகாது. தரையில் சம்மணமிட்டு உட்காரவும் கூடாது. டாக்டர் சொல்லும்வரை எல்லாம் நாற்காலியில்தான்.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். டாக்டர் சம்மதித்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரிக்கலாம். அதுவரை காயம் நனையக் கூடாது. கணப்பில் சூடு காட்டுவது, காயத்தின்மேல் மஞ்சள் அப்புவது, எண்ணெய் நீவுவது எதுவும் வேண்டாம். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும், முழங்காலைத் தரையில் அழுத்தித் தொடையை இறுக்கி விடுவதும் முதல் நாளிலிருந்தே செய்யலாம். மற்ற பயிற்சிகளை டாக்டர் அனுமதித்த பிறகு ஆரம்பித்தால் போதும்.

காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது சிவப்பு, குறைந்துவந்த வலி திடீரென்று ஏறுவது, ஊன்றிக்கொண்டிருந்த காலை ஊன்ற முடியாமல் போவது, மறு இடுப்பிலோ மறு முழங்காலிலோ புது வலி: இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

பள்ளிக்குத் திரும்பும்போது தலைமை ஆசிரியரிடம் பேசி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரக் கேளுங்கள். ஓட்டமும் குதிப்பும் எப்போது என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்வார்கள். சில மாதம் ஆகும், சிலருக்குத் தட்டு மூடும்வரை. எடை குறைப்பதைப் பற்றிப் பிள்ளையை நச்சரிக்காமல், வீட்டிலேயே டீயில் சர்க்கரையையும் சாயங்காலத்து வர்க்கி பாக்கெட்டையும் குறைத்துவிடுவது நல்லது. நடக்க முடியாத பிள்ளையிடம் "குண்டாயிட்ட" என்று சொல்வதால் ஒரு கிலோகூட இறங்காது.

படி 10: தட்டு மூடும்வரை

ஆறு வாரத்தில் ஒன்று, மூன்றாம் மாதத்தில் ஒன்று, பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று எக்ஸ்ரே போகும். ஒவ்வொரு முறையும் இரண்டு இடுப்பும் எடுக்க வேண்டும். மேலே உங்கள் ஊரிலேயே எடுத்துக் கீழே அனுப்பலாமா என்று முதலிலேயே கேட்டு வைத்தால் பாதிப் பயணம் மிச்சம். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து செல்போனில் எடுத்த படம் சாய்ந்து கோணத்தையே மாற்றிக் காட்டும். எக்ஸ்ரே சென்டரில் டிஜிட்டல் ஃபைலாகவே கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

எலும்புத் தலைக்கு ரத்தம் குறைந்திருந்தால் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள் படத்தில் தெரியும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். அதனால்தான் வலியே இல்லாத பிள்ளையையும் வரச் சொல்கிறார்கள்.

ஸ்க்ரூவை எடுக்க வேண்டுமா என்றால், பொதுவாக வேண்டாம். எடுக்கும் ஆபரேஷன் சில நேரம் போட்டதைவிடச் சிரமமாக இருக்கும், டைட்டானியம் எலும்போடு நன்றாகக் கவ்விக்கொள்ளும். தொந்தரவு கொடுத்தால் மட்டும், அதுவும் தட்டு முழுதாக மூடிய பிறகு எடுப்பார்கள்.

நடுத்தரமாகவோ கடுமையாகவோ நழுவி, அப்படியே ஸ்க்ரூ போட்ட பிள்ளைகளுக்குப் பாதம் வெளியே திரும்பிய நடை கொஞ்சம் நிற்கலாம். முழங்காலை நெஞ்சை நோக்கி மடக்கும்போது எலும்புக் கழுத்தின் முன்மேடு குழியின் விளிம்பில் இடித்து, கவட்டியில் வலி வரலாம். சில வருடம் கழித்து அந்த மேட்டைச் செதுக்கிவிடும் ஆபரேஷனும், தொடை எலும்பை வெட்டிக் கோணம் திருத்தும் ஆபரேஷனும் உண்டு. இருபது வயதில் இடுப்பு மாற்று அறுவை வரை போகாமல் தள்ளிப்போட இவை உதவும். பிள்ளை பேருந்துப் படியில் ஏறும்போதோ, குனிந்து ஷூ லேஸ் கட்டும்போதோ கவட்டியில் வலிக்கிறது என்று சொன்னால், பழைய ஃபிலிம்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போய்க் காட்டுங்கள்.